பங்காளித் தகராறு

தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தபோது நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் செதில். முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்காவுக்கு இந்தி தெரியும்லா?" என்றது ஓர் ஆண்குரல். ஆபீஸ் கிளார்க்.

"தெரியும். யாருக்கு என்ன சொல்லணும்?"

"செவ்வாய்க்கிழமை ஒரு முகாம் வச்சிருக்கு. சென்ட்ரல் கவர்மெண்ட் சர்க்குலராக்கும். வடகிழக்கு மாநிலத்துக்காரங்கள முகத்தப் பாத்துக் கேலி பண்ணக்கூடாது, வேத்துமையா நடத்தக்கூடாதுன்னு விழிப்புணர்வு. ஐயா தமிழ்ல பேசுவாரு. நீங்க பக்கத்துல நின்னு இந்தியில சொன்னாப் போதும்."

சரி என்றேன். என் இந்தி தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்து சேர்த்த இந்தி. படித்து வந்ததல்ல, திட்டு வாங்கி வந்தது. இலக்கணம் அங்கங்கே தடுக்கும், வசவு மட்டும் தடுக்காது. வேலையை விட்டுவிட்டு இரண்டு டிரங்குப் பெட்டியோடு இரணியல் ஸ்டேஷனில் இறங்கிய நாளிலிருந்து எங்கள் பக்கத்துக்கு நான்தான் இந்தி. வீடு கட்டுகிறவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "அந்தப் பங்காளிகிட்ட கொஞ்சம் சொல்லித் தாங்க, கம்பியைக் கெட்டி முடிச்சிட்டு மத்த வேலைக்குப் போனாப் போதும்னு" என்பார்கள். போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இந்தப் பங்காளி என்ற வார்த்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது. மலையாளத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. வடக்கேயிருந்து வேலைக்கு வரும் எல்லோரையும் வங்காளி ஆக்கிவிடும் பழக்கம் அந்தப் பக்கமிருந்துதான் எங்களிடம் ஒட்டிக்கொண்டது. ஒடிசாக்காரனும் பங்காளி, பீகார்க்காரனும் பங்காளி, அசாம்காரனும் பங்காளி. கன்னியாகுமரியில் புறப்பட்டு மூன்று நாளுக்கு மேல் ஓடி அசாமில் போய் நிற்கும் அந்த நீள ரயிலுக்குக்கூட எங்கள் பக்கம் பங்காளி வண்டி என்றுதான் பெயர். தகப்பன் வழிச் சொந்தக்காரனுக்கும், வரப்புக்கும் வழிப்பாதைக்கும் சண்டை போடுகிற அந்தச் சொந்தத்துக்கும், தமிழில் அதே எழுத்துகள்தான். வாயால் சொன்னால் வித்தியாசம் தெரியும். வடக்கத்தியானைச் சொல்லும்போது முதல் எழுத்து கனமாக விழும், சொந்தக்காரனைச் சொல்லும்போது லேசாக விழும். தாளில் எழுதினால் இரண்டும் ஒன்று.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் தேங்காய் தொலித்து, வீட்டைச் சுற்றியுள்ள பறம்பைத் துப்புரவாக்கித் தரும் ஆளை நாலு வருடமாகப் பங்காளி என்றே கூப்பிட்டேன். இத்தனை இந்தி தெரிந்தும் எந்த ஊர் என்று அவனிடம் ஒரு தடவை கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பேனரில் 'இனப் பாகுபாட்டை ஒழிப்போம்' என்பதில் ஒரு கால் விடுபட்டு 'பாகுபட்டை' ஆகியிருந்தது. நாற்காலிகள் நிரம்ப வேண்டுமே என்று மகளிர் குழுக்காரிகளை வேனில் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு வரிசையில், போட்டோவுக்கு வசதியாக, வடகிழக்குக்காரர்கள் ஒரு பன்னிரண்டு பேர். ஓட்டல் சமையல்காரர்கள், காலேஜ் படிக்கும் பிள்ளைகள், பியூட்டி பார்லரில் வேலை செய்யும் மூன்று பெண்கள்.

பேசிய அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. தாளைப் பார்த்துப் படித்தாலும் படித்ததை நம்பித்தான் படித்தார். ஒரு மனிதனை அவன் முகத்துக்காகக் கேவலப்படுத்துவது குற்றம், அதை விளையாட்டு என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது, அரசாங்கம் இதைக் கண்டிப்போடு பார்க்கிறது என்றார். நான் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னேன். எனக்கே நிமிர்ந்து நிற்கத் தோன்றியது. கடைசியில் அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, சொந்தமாக ஒரு வரி சேர்த்தார்: "இவங்க எல்லாரும் நம்ம வீட்டு விருந்தாளிங்க."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பார்லர்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். சுத்தமான இந்தியில் நிதானமாகச் சொன்னாள்: "விருந்தாளியிடம் எல்லோரும் ஒன்றுதான் கேட்பார்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்று. இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் அதைத்தான் கேட்கிறார்கள்."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். பின்னால் டீயும் பழம்பொரியும் வந்துவிட்டன. எதற்கு வம்பு என்று நினைத்தேன். "ரொம்ப நன்றின்னு சொல்லுதாங்க" என்று மொழிபெயர்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மண்டப வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நான் நன்றி சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் தமிழ் புரியும்."

மூஞ்சியில் தண்ணீர் அடித்ததுபோல் இருந்தது. மன்னித்துக்கொள் என்றேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தாள். "பேசுவது புரியும், படிக்கத் தெரியாது. போலீசில் ஒரு புகார் கொடுத்தேன். இது அங்கிருந்து வந்த பதில். இதையாவது உள்ளபடி சொல்லுங்கள்" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'த/பெ. அருணாசலம்' என்று இருந்தது. கீழே, 'மனுதாரருக்கும் எதிர்மனுதாரர்களுக்கும் இடையே உள்ளது பங்காளித் தகராறு என்பதாலும், சிவில் தன்மை உடையது என்பதாலும், உரிய நீதிமன்றத்தை அணுகித் தீர்வு காணும்படி அறிவுறுத்தி மனு முடிக்கப்பட்டது' என்று இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, வாய்விட்டே சிரித்தேன். அருணாசலப் பிரதேசத்தின் மலையில் பிறந்த பெண்ணை அருணாசலம் என்பவருக்கு மகளாக்கி, எங்கள் ஊர்ப் பயல்களோடு சொத்துச் சண்டை போட வைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல.

தில்லியில் எனக்கு இரண்டு பெயர். மரியாதை உள்ளவர்களுக்கு மதராசி, இல்லாதவர்களுக்குக் கறுப்பி. ஒரு நோயாளியின் பெண்டாட்டி, என் புருஷனுக்கு இவள் ஊசி போடக்கூடாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று வார்டே கேட்கச் சொல்லியிருக்கிறாள். கையுறை போட்டிருக்கிறேன் அம்மா, நிறம் ஒட்டாது என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எங்களோடு மணிப்பூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி டியூட்டி பார்த்தாள். அவளை 'சிங்க்கி' என்பார்கள். கண் சிறியது என்பதற்கு ஒரு கெட்ட வார்த்தை. ஒருநாள் மருந்து அறையில் ஒருவன் விரலால் கண்ணை இழுத்துச் சுருக்கி அவளைப்போல் நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றைக்கு என் முறை இல்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு அது. வாசலில் நின்றிருந்த அவள் மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தாள். இந்த வாரமாவது போய்ப் பேசுவோம் என்று நினைத்து நினைத்தே அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் இந்தத் தடவை படியிலேயே உட்கார்ந்தேன். அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தாளில் உள்ளதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

பார்லரிலிருந்து அவள் தங்கியிருக்கும் அறைக்கு ஒரு முக்கைத் தாண்டிப் போகவேண்டும். அங்கே நாலைந்து பேர் எப்போதும் நிற்பார்கள். சைனா என்பார்கள், மோமோ என்பார்கள், என்ன ரேட்டு என்பார்கள். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவாள். ஒரு சாயங்காலம் ஒருவன் குறுக்கே வந்து முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்து வீடியோ எடுத்தான். கையைத் தட்டிவிட்டாள். போன் கீழே விழுந்தது. அவன் கன்னத்தில் அறைந்தான். டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது, மேலே 'சைனா சரக்கு' என்று எழுதி.

"அடி பெரிதில்லை ஆன்ட்டி. அந்தக் கடையில் எனக்குத் தெரிந்த இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். நான்தான் அவர்களுக்குப் புருவம் திருத்துகிறேன்" என்றாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பங்காளி வண்டியில் டிக்கெட் எடுத்துவிட்டாள். அம்மா வந்துவிடு என்கிறாளாம். இவளுக்குப் போக மனமில்லை, இந்த வேலை பிடித்திருக்கிறது. ஆனால் நடந்தது நடந்தது என்று ஒரு தாளாவது சொல்லாவிட்டால், அந்த முக்கைத் தாண்டி நடக்கத் தன்னால் முடியாது என்றாள்.

"டிக்கெட் இருக்கட்டும். கேன்சல் பண்ணவேண்டாம். புதன்கிழமை வரைக்கும் எனக்குத் தா" என்றேன். அப்படி ஒரு வாக்கை எந்தத் தைரியத்தில் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

முதலில் பார்லர் முதலாளியம்மாவிடம் போனேன். நல்ல மனுஷி. ஸ்டேஷனுக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுத்ததே அவள்தான். வீங்கிய முகத்தோடு உள்ளே வர வெட்கப்பட்டு அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

"மனுவில என்ன எழுதினிய?" என்று கேட்டேன்.

"உள்ளதத்தான் எழுதினேன் அக்கா. எனக்க கடையில வேலை பாக்குத பங்காளிப் பெண்ணுக்கும் முக்கில நிக்குத ஆளுகளுக்கும் தகராறு, அடிச்சுப் போட்டானுவ, நடவடிக்கை எடுக்கணும்னு எழுதினேன். அவளுக்க பேருக்கு நேர அருணாசலம்னும் போட்டேன்."

"அவ பங்காளி இல்லையே மக்கா."

"பின்ன? அங்கேயிருந்து வருதவங்க எல்லாம் பங்காளிதானே? பத்து நாள் கழிச்சு ஸ்டேஷன்லருந்து போன் பண்ணி, பேசித் தீத்துக்கிடுங்கன்னு சொன்னாரு. நான் அந்தப் பயக்கள கூப்பிட்டுப் பேசி விடுவாங்கன்னுல்லா நெனச்சேன்."

அவளை நான் எப்படித் திட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே மனுக்களைப் பார்க்கும் ரைட்டர் ஏட்டையா மதுரைப் பக்கத்துக்காரர். இங்கே மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தார்.

"இதான் முடிச்சாச்சேம்மா. பங்காளிகளுக்குள்ள ஆயிரம் இருக்கும். எங்க ஊர்ல இதெல்லாம் ஸ்டேசனுக்கே கொண்டாரமாட்டாய்ங்க. பெருசுங்க உக்காந்து பேசி முடிச்சுவிட்ருவாய்ங்க."

"ஐயா, பதிவேட்டைப் பாக்காதீங்க. இந்தப் பெண்ணைப் பாருங்க."

நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவளை முதல்முறையாகப் பார்க்கிறார்.

"அருணாசலம் மகள்னு போட்ருக்கு?"

"அருணாசலப் பிரதேசம். இந்தியாவுக்க வடகிழக்கு மூலை."

"நான் திருவண்ணாமலைப் பக்கம்னுல நெனச்சேன்" என்றார். காது சிவந்துவிட்டது. அந்த இடத்திலேயே சிரித்துவிட்டு, தப்பாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் அவர் பதிவேட்டை மூடினார். முடித்த மனுவைத் திறக்க வழியில்லை என்றார். புதிதாகக் கொடுக்கிறோம் என்றேன். ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது மனு வாங்க முடியாது என்றார். அப்படியானால் என்னதான் செய்வது என்றேன். இன்ஸ்பெக்டர் வந்ததும் கேளுங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் பந்தோபஸ்து போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனோம், அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து கோயில் சேலையோடு நேராகப் போனேன், வந்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார். எனக்கு மூட்டுவலி உண்டு. அந்த ஸ்டேஷனுக்கு ஏழு படி. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கொண்டே நடந்ததால் இன்னும் நினைவிருக்கிறது. அன்று இறங்கும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுவிடுங்கள் ஆன்ட்டி" என்றாள். "நான் ஒருமுறை விட்டிருக்கிறேன். அது போதும்" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

திங்கட்கிழமை காலை தாலுகா ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன். போனில் பேசிய கிளார்க் வந்தார். சர்க்குலரில் எனக்கு ஒரு காப்பி வேண்டும் என்றேன்.

"அது ஆபீஸ் காப்பியாக்கும் அக்கா. வெளிய குடுக்க முடியாது."

"ஊரைக் கூட்டி, மைக் வச்சு, வாசிச்சு, நான் இந்தியில வேற சொன்ன தாளு. அதுல இனி என்ன ரகசியம் இருக்கு?"

அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, "நான் தந்தேன்னு சொல்லாதீங்க" என்று கொடுத்தார். இப்போது சொல்லிவிட்டேன், மன்னிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். மேடையில் அதைப் படித்தபோது பாதி வரிகளைத் தாவிவிட்டிருந்தார்கள். இப்படி வரும் புகார்களைச் சில்லறைத் தகராறு என்று தள்ளக்கூடாது, பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த மொழியில் வாக்குமூலம் வாங்கவேண்டும், சொன்ன வார்த்தைகளை அப்படியே பதியவேண்டும் என்றெல்லாம் உள்ளே இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் கோடு போட்டேன். தில்லியில் ஏதோ ஒரு மேஜையில் யாரோ இதை எழுதியிருக்கிறார்கள். அதே தில்லியில் நான் இருந்த பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் என்று நினைக்கத்தான் செய்தேன். இருந்திருந்தாலும் யாராவது அதைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்காக நடந்திருக்க வேண்டுமே. அரசாங்கம் தாளை அனுப்பும். அதைத் தூக்கிக்கொண்டு ஏழு படி ஏறுவது நம் வேலை.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் இருந்தார். நான் அந்தத் தாளை மேஜையில் வைத்தேன். அதன் மேல் முடித்த மனுவின் பதிலையும் வைத்தேன். முதலில் பதிலைப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு சர்க்குலரில் பென்சில் கோடுகளைப் படித்தார். எங்கள் மாவட்டத்துக்காரர். படித்து முடித்ததும் ஏட்டையாவைக் கூப்பிட்டார்.

"ஏட்டையா, இங்க பங்காளின்னா என்ன அர்த்தம்னு யாரும் உமக்குச் சொல்லித் தரலியா?"

ஏட்டையா தலையைக் குனிந்தபடி நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. "அவரை மட்டும் சொல்லிக் காரியம் இல்ல சார். அந்த வார்த்தை எங்க தப்பு" என்றேன். இன்ஸ்பெக்டர் ஏட்டையாவிடம் திரும்பி, "புதுசா எழுதி வாங்கும். கேஸ் போடணும்" என்றார்.

அவள் இந்தியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஏட்டையா எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த வார்த்தைகள் வந்தபோது பேனா நின்றது.

"தகாத வார்த்தைகளால் திட்டினார்னு போட்டுக்கிறேன்மா."

"வேண்டாம். அவன் சொன்னத அப்படியே போடுங்க."

"பொம்பளப் புள்ள மனுவுல இதையெல்லாம் எப்படி..."

"சொன்னவனுக்கு இல்லாத வெக்கம் எழுதுத உங்களுக்கு எதுக்கு? சைனான்னு சொன்னான், சரக்குன்னு வீடியோ மேல எழுதினான், ரேட்டு கேட்டான். மூணையும் போடுங்க."

முகாமில் செய்ததை நான் இன்னொரு தடவை செய்வதாக இல்லை. அவர் மூன்றையும் எழுதினார். எழுதியதை நான் அவளுக்கு இந்தியில் திருப்பிச் சொன்னேன். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். டீக்கடையில் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்க்கவேண்டும் என்றாள். சேர்த்தோம்.

"மொழிபெயர்த்தவங்க விவரமும் போடணும்" என்று ஏட்டையா என் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதினார். "புகார்தாரருக்கு என்ன உறவு? தெரிஞ்சவங்கன்னு போட்றவா?"

"பங்காளின்னு போடுங்க."

அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். கேலி இல்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"பொம்பளைக்கு ஏதும்மா பங்காளி?"

"எங்க நாஞ்சில் நாட்டில ஒருகாலத்தில பல குடும்பத்தில பெண்வழியாத்தான் பங்கு வந்துச்சு. நீங்க எழுதுங்க."

எழுதினார். உடனே அந்தப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அவள் காதில் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்திருக்கிறது.

"ஆன்ட்டி, நீங்களுமா? நான் பங்காளி இல்லை! இன்னும் எத்தனை தடவை சொல்லவேண்டும்?"

ஏட்டையா திருதிருவென்று விழித்தார். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். இது வேறு பங்காளி, முதல் எழுத்தை லேசாகச் சொல்லவேண்டும் என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்காட்டினேன். ஒரே மண்ணில் பங்கு உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பெயர், விருந்தாளி என்றால் என்றைக்காவது கிளம்பவேண்டும், பங்காளியை யாரும் கிளப்ப முடியாது என்றேன்.

"அந்த ஆள் என்னைப் பங்காளித் தகராறு என்று எழுதினாரே, அது?"

"அதே வார்த்தைதான். பங்காளி என்றால் சண்டையும் உண்டு."

"சண்டையிலும் பங்கா?"

"முதல் பங்கே அதில்தான்."

அவள் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு தாளை இழுத்து, ஆங்கிலத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். த/பெ. என்ற இடத்தில் அவளுடைய அப்பாவின் பெயரை ஏட்டையா எழுத்துக் கூட்டிக் கேட்டு, இரண்டு தடவை அடித்து, மூன்றாவது தடவை சரியாக எழுதினார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு நானும் போகிறேன். வீடியோ எடுத்தவன் இப்போது அந்த முக்கில் நிற்பதில்லை, மற்றவர்கள் நிற்கிறார்கள், ஆனால் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பயம் வந்திருக்கிறது, தொடக்கத்துக்கு அது போதும். என் வீட்டில் தேங்காய் தொலிப்பவனிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ஒடிசாவில் ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். நான் திருப்பிச் சொன்னது தப்பு என்று இரண்டு தடவை திருத்தினான். அவனுடைய பெயரையும் அப்போதுதான் கேட்டேன். இப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

கடைசியாக அந்த வியாழக்கிழமையைச் சொல்லவேண்டும். டிக்கெட்டை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. வண்டி கன்னியாகுமரியில் புறப்படும் நேரம் பார்த்துப் பார்லருக்குப் போனேன். மூட்டுவலியைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்தால் அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். நான் புருவம் திருத்தி இருபது வருடம் இருக்கும். ஆனாலும் உட்கார்ந்தேன்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். சுரீர் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, முழுக்க நூலால் வந்ததல்ல. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. அந்த மாடி ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரியும். எத்தனை பெட்டி, எவ்வளவு நீளம், போய்க்கொண்டே இருந்தது. நான் என்னை மறந்து தலையைத் திருப்பிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. பல்லிலிருந்து நூலை எடுத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து நேராக்கினாள்.

"ஆடாம இரிங்க, பங்காளி" என்றாள்.

முதல் எழுத்து லேசாகத்தான் விழுந்தது.